பழைய கேப்புக் கைத்துப்பாக்கிகள்: சிங்கப்பூரில் இருந்துகொண்டு சேகரிப்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு வேலை கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில். பொழுதுபோக்கு, 19ஆம் நூற்றாண்டுக் கேப்புக் கைத்துப்பாக்கிகள். இரண்டாவதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் கேள்விகள் வரும். இருபது ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான், அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் வீட்டில் ஒரு துப்பாக்கிகூட இல்லை.

கேப்பு என்றால் தீபாவளிக் கேப்பா?

அதன் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் பொம்மைத் துப்பாக்கியில் சிவப்புச் சுருளை மாட்டிப் படபடவென்று வெடித்தோமே, அந்தச் சுருளில் இருந்த கரும்புள்ளியும் 1830களின் கேப்பும் ஒரே தத்துவத்தில் வேலை செய்பவை: அடி விழுந்தால் தீப்பிடிக்கும் மருந்து. பழைய கேப்பு செம்பில் செய்த சின்னக் கிண்ணம், ஏறக்குறைய மிளகு அளவு. அடியில் பாதரச ஃபுல்மினேட் கலந்த மருந்து துளி ஒட்டியிருக்கும். குழலின் பின்பக்கம் நிப்பிள் என்ற குட்டையான முளை உண்டு, அதன் நடுவே ஊசித் துளை. முளையின் தலையில் கேப்பைத் தொப்பி மாதிரி மாட்டுவார்கள். வடக்கே இந்த வகைக்கு 'டோப்பிதார்' என்று பெயர் வந்ததும் அதனால்தான், டோப்பி என்றால் தொப்பி. விசையை இழுத்தால் குதிரை கேப்பின் மேல் விழும், தீ துளை வழியாக உள்ளே போய்க் கருமருந்தைப் பற்றவைக்கும்.

குதிரை என்று நான் சொல்வது ஹேமரை. தமிழில் அதற்குப் பழைய பெயரே அதுதான், அகராதியிலும் இருக்கிறது. இவ்வளவு நல்ல சொல் கையில் இருக்கும்போது 'சுத்தியல்' என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் அபர்டீன் பக்கம் பெல்ஹெல்வி என்ற ஊரின் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவருக்கு வேட்டையில் ஆசை. அப்போதிருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் உரசி, வெளியே சட்டியில் இருக்கும் மருந்து முதலில் குப்பென்று எரிந்து, அதன் பிறகுதான் குண்டு கிளம்பும். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் வாத்து பறந்துவிடும். எட்வர்ட் ஹோவர்ட் என்ற வேதியியலாளர் 1800-ல் பாதரச ஃபுல்மினேட்டைப் பற்றி எழுதியிருந்தார். ஃபோர்சைத் அந்த மாதிரி மருந்துகளை வைத்துச் சோதித்துப் பார்த்து, 1807-ல் காப்புரிமை வாங்கினார்.

ஆனால் அவர் செய்தது கேப்பு அல்ல. அவருடைய லாக், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பொறி, வாசனைத் திரவியக் குப்பி போல இருக்கும் ஒரு சிறு கூட்டிலிருந்து மருந்துத் தூளை எடுத்துக்கொள்ளும். செம்புக் கேப்பு நான் செய்தது, நீ செய்தது என்று பலர் உரிமை கொண்டாடினார்கள். ஜோஷுவா ஷா 1822-ல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார். லண்டனில் ஜோசப் மேன்டன், ஜோசப் எக் என்று இன்னும் சிலர். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

பிரிட்டிஷ் பட்டாளம் மெதுவாகத்தான் மாறியது. 1834-ல் இங்கிலாந்தின் உல்விச்சில் இரண்டு வகையையும் 6,000 தடவை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி 922 தடவை ஏமாற்றியது, கேப்பு 36 தடவை. அதற்குப் பிறகும் யோசிக்க என்ன இருக்கிறது?

சிங்கப்பூரில் இதை வீட்டில் வைத்திருக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் என் பதிலை நம்பாதீர்கள். காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். 'நூறு வயசு ஆச்சு, அதனால் பரவாயில்லை' என்பது பிரிட்டனில் பெரும்பாலும் செல்லுபடியாகும் வாதம். அங்கே 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தில், அலங்காரமாகவோ அரும்பொருளாகவோ மட்டும் வைத்திருக்கும் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து பேசக் கூடாது.

இங்கே 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் இருக்கிறது. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. தீங்கு செய்யும் எண்ணத்தோடு சுட்டால், சுட முயன்றாலும் கூட, மரண தண்டனை. இதற்கு மேல் 2021-ல் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தையும் நிறைவேற்றியது. கைத்துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டரையே சுங்கத் துறை தடை செய்யப்பட்ட பொருள் பட்டியலில் வைத்திருக்கும் நாடு இது. சூயிங் கம்மும் அதே பட்டியலில்தான்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் படம், அளவு, தயாரித்த காலம் எல்லாம் போட்டு எழுதிக் கேட்பது, எழுத்தில் பதில் வாங்குவது, அதன் பிறகுதான் பணம் கட்டுவது. ஏலத்தில் எடுத்துவிட்டு 'இப்போ என்ன பண்றது அண்ணே' என்று எனக்கு அனுப்பும் செய்திகளுக்கு என்னிடம் பதில் இல்லை. நகல், செயலிழக்கச் செய்தது, தனி லாக், தனிக் குழல் என்று எதுவாக இருந்தாலும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

ஊரில் தாத்தா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவரலாமா?

கூடாது. இங்குள்ள சட்டத்தை விடுங்கள், அங்கேயே தடுக்கும். இந்தியாவின் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. நூறு ஆண்டு ஆகாததென்றால் அது வெறும் துப்பாக்கி, இன்னும் மோசம். விமான நிலையத்தில் 'இது தாத்தா நினைவாக' என்று விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வேண்டாம். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். சித்தப்பாவிடம் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள்.

அப்படியென்றால் நீங்கள் எதைத்தான் சேர்க்கிறீர்கள்?

துப்பாக்கியைச் சுற்றி இருந்தவற்றை. மருந்துக் குடுவைகள், காலிக் கேப்பு டப்பாக்கள், பழைய விலைப்பட்டியல்கள், பெட்டியின் உள்மூடியில் ஒட்டியிருந்த தயாரிப்பாளர் சீட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, துப்பாக்கிக் குழல்களில் குத்தியிருக்கும் முத்திரைகளின் படங்கள். ஆறு நோட்டுப் புத்தகம் நிறைய இருக்கின்றன.

மருந்துக் குடுவை தனி உலகம். பேரிக்காய் வடிவத்தில் செம்பிலோ பித்தளையிலோ அடித்தது. வாய்ப்பகுதியில் அளவை மாற்றும் மூக்கு இருக்கும். உடம்பில் நாய், மான், செத்துத் தொங்கும் பறவை என்று புடைப்புச் சித்திரங்கள். ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ் செய்தவை பேர்பெற்றவை. என் முதல் குடுவையைச் சுங்கை ரோடு சந்தையில் வாங்கினேன். 2017 ஜூலையில் மூடிவிட்டார்களே, அந்தத் 'திருட்டுச் சந்தை'. விற்றவர் கிரிமியப் போரில் இருந்து வந்தது என்று சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், நாயின் வால் எது, புல் எது என்று தெரியவில்லை. அசல் அச்சில் அடித்திருந்தால் கோடு கூர்மையாக நிற்கும். நகலிலிருந்து நகல் எடுத்தால் மழுங்கிப்போகும். சுவரில் தொங்கவிடச் செய்த பின்னாள் அலங்காரப் பொருள் அது. நாற்பது வெள்ளி போனது. இன்றும் அதை முன்வரிசையில்தான் வைத்திருக்கிறேன், அதைவிட எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்த பொருள் வேறில்லை.

அசல் துப்பாக்கியைத் தொட்டுப் பார்ப்பது லெஸ்டரில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போகும்போது. அவரிடம் மூன்று இருக்கின்றன. தொட்டுப் பார்க்காமல் இந்தப் பொழுதுபோக்கு முழுமை ஆகாது என்பது உண்மைதான். ஆனால் சொந்தமாக வைத்திருந்தால்தான் சேகரிப்பாளர் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மச்சான் அவருடைய மூன்றைப் பற்றி அறிந்ததைவிட எனக்கு அதிகம் தெரியும். அவரே ஒத்துக்கொள்வார், சாப்பாட்டுக்குப் பிறகு.

என்னென்ன வகைகள்?

அதிகம் கண்ணில் படுவது பாக்ஸ்லாக் பாக்கெட் பிஸ்டல். உள்ளங்கை அளவு, குதிரை நடுவில் இருக்கும், குழலைத் திருகிக் கழற்றலாம். இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் ஏராளமாகச் செய்தார்கள். அடுத்து, இருவர் எதிரெதிரே நின்று சுடும் சண்டைக்கென்று ஜோடியாகப் பெட்டியில் வரும் டூயலிங் பிஸ்டல். பார்க்க மிக அழகு, விலையும் அப்படி. பெப்பர்பாக்ஸில் ஐந்தாறு குழல்கள் மிளகுப்பொடிக் குப்பி போலச் சேர்ந்து சுழலும். அமெரிக்காவில் ஈதன் ஆலன் 1837-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். கையில் பிடித்தால் முன்பக்கம் கனத்துக் கீழே சாயும், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஹௌடா பிஸ்டல் என்று இரட்டைக் குழல் ஒன்று உண்டு. யானை அம்பாரியில் உட்கார்ந்திருக்கும்போது புலி மேலே தாவினால் சுடுவதற்கு.

அப்புறம் ரிவால்வர். சாமுவேல் கோல்ட் 1836-ல் காப்புரிமை எடுத்தார். 1851 நேவி மாதிரிதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதன் உருளையைச் சுற்றிக் கப்பல் சண்டைக் காட்சி பொறித்திருக்கும், பெயர் வந்ததே அதனால். 1853-ல் லண்டனிலும் ஆலை தொடங்கி சில ஆண்டுகள் நடத்தினார். அதே 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸின் ரிவால்வரும் இருந்தது. கோல்ட்டில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையை இழுத்துவைக்க வேண்டும். ஆடம்ஸில் விசையை இழுத்தாலே போதும். எது சிறந்தது என்ற சண்டை அன்றைக்கு ஆரம்பித்தது, சேகரிப்பாளர்களுக்குள் இன்னும் முடியவில்லை.

லிங்கனைச் சுட்டது இந்த வகையா?

ஆமாம். 1865 ஏப்ரல் 14, ஒற்றைக் குழல் கேப்புக் கைத்துப்பாக்கி. ஃபிலடெல்ஃபியாவின் ஹென்றி டெரிஞ்சர் பட்டறையில் செய்தது. இப்போது வாஷிங்டனில் சம்பவம் நடந்த ஃபோர்ட்ஸ் தியேட்டரிலேயே காட்சிக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் டெரிஞ்சர் பெயரின் நடுவில் ஒரு 'ஆர்' எழுத்துதான். நகல் செய்தவர்கள் இரண்டு போட்டார்கள், கடைசியில் உலகம் முழுக்க அந்தத் தவறான எழுத்தே நிலைத்துவிட்டது.

அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி இதுதான்.

முதலில் குழலைத் திருப்பி முத்திரையைத் தேடுங்கள். இங்கிலாந்தில் குழலைச் சோதித்து முத்திரை குத்தாமல் விற்கக் கூடாது. லண்டன் முத்திரையில் கிரீடத்துக்குக் கீழே ஜி-யும் பி-யும் பின்னியிருக்கும், பக்கத்தில் இன்னொரு கிரீடத்தின் கீழே வி. பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-ல் வந்தது. அதன் முத்திரையில் குறுக்காக இரண்டு செங்கோல். பெல்ஜியத்தின் லியேஜ் என்றால் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள். அந்த நீள்வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தியது. 'நெப்போலியன் காலத்துப் பொருள்' என்று விற்கப்பட்ட ஒன்றில் அந்தக் கிரீடத்தைப் பார்த்திருக்கிறேன்.

இத்தாலி நகல்கள் 1950களின் இறுதியிலிருந்து வருகின்றன. கோல்ட், ரெமிங்டன் எல்லாம் செய்கிறார்கள், வேலை சுத்தம். நகல் என்று சொல்லி விற்றால் தவறே இல்லை. சிக்கல், யாரோ ஒருவர் இத்தாலிய முத்திரையை அரத்தால் தேய்த்து, அமிலத்தில் முக்கி, நூறு வயது கூட்டும்போதுதான் வருகிறது. முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் லேசான பள்ளம் இருந்தால் விரல் சொல்லிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால் கண்ணும் சொல்லும்.

இன்னொரு வகை, ஆப்கான் எல்லைப் பக்கத்துச் சந்தைச் சரக்கு. லாக்கில் கிரீடமும் 'டவர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கும். எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். சொல் பிசகியிருக்கும், இல்லையென்றால் ஏதாவது ஓர் எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பியிருக்கும்.

துருவும் பேசும். அந்தக் காலத்துக் கேப்பு மருந்து இரும்பை அரிக்கக்கூடியது. நிறையச் சுட்ட துப்பாக்கியென்றால் நிப்பிளைச் சுற்றித்தான் அம்மைத் தழும்பு மாதிரி பொத்தல் விழும். மற்ற இடமெல்லாம் துருப்பிடித்து நிப்பிள் ஓரம் மட்டும் வழவழவென்று இருந்தால் கேள்வி கேளுங்கள். திருகாணிகளையும் பாருங்கள். பழைய திருகாணியின் வெட்டு குறுகலாக இருக்கும். கண்ட திருப்புளியால் திருகித் தலை சிதைந்திருந்தால், யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள்.

சக்கிமுக்கியைக் கேப்பாக மாற்றியது என்கிறார்களே, அது மதிப்புக் குறைவா?

எனக்கு நேர்மாறாகத் தோன்றும். 1830, 40களில் நல்ல சக்கிமுக்கித் துப்பாக்கி வைத்திருந்தவர் அதைத் தூக்கியெறியவில்லை. பட்டறையில் கொடுத்துச் சட்டியையும் கல் உரசும் தகட்டையும் கழற்றி, நிப்பிள் வைத்துக்கொண்டார். லாக் தகட்டில் அடைத்த துளைகள் தெரியும். அந்தத் துளை ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. வருத்தம் எங்கே என்றால், சந்தையில் சக்கிமுக்கிக்கு விலை கூட என்பதால், இப்படி மாற்றியதை மறுபடி சக்கிமுக்கியாகத் திருப்பி 'அசல்' என்று விற்கிறார்கள். அப்போது சட்டி புதிதாகவும் லாக் பழையதாகவும் இருக்கும். பாட்டி பல்செட் போட்டது போலப் பளிச்சென்று தனியாகத் தெரியும்.

சிங்கப்பூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நிறைய. 1819-லிருந்து 1858 வரை இந்த ஊர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில். கேப்பின் பொற்காலம் அதற்குள்தான் வருகிறது. கம்பெனி ஆயுதங்களின் லாக்கில், பின்னங்காலில் நின்று முன்னங்காலில் கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம் இருக்கும். சிங்கபுரத்துக்குச் சிங்க முத்திரை என்று பொருத்தம் பார்க்கிறவர்கள் உண்டு, அது தற்செயல்தான்.

இங்கே காவலுக்கு இருந்ததில் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்கள் பலர். அவர்கள் பாளையம் இருந்த இடம்தான் சிப்பாய் லைன்ஸ். இன்று அந்தப் பகுதியில் பொது மருத்துவமனை நிற்கிறது. ஊட்ரம் ரோட்டில் பேருந்துக்கு நிற்கும்போது நான் இதை யோசிப்பேன். நம் பக்கத்து ஆள் ஒருவர் இதே மழையில், கேப்பு நனைந்துவிடுமோ என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருப்பார். தீபாவளிக் கேப்புகூட ஈரப்பட்டால் வெடிக்காது, நமக்குத் தெரியுமே.

கம்போங் (மலாய்க் கிராமம்) வீடுகளிலும் கம்பிர் என்ற செடியின் தோட்டங்களிலும் 1840, 50களில் புலி பயம் இருந்தது. கொல்பவருக்கு அரசு பணம் கொடுத்தது.

இந்த ஊர் ஈரத்தில் இரும்பும் மரமும் எப்படித் தாங்கும்?

தாங்காது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்று வாங்கி 45 முதல் 50 வரை வையுங்கள். 'வறண்டால் நல்லது' என்று 30-க்கு இறக்கினால் மரம் வெடிக்கும். என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பெட்டி இருப்பது படுக்கையறை மூலையில். சமையலறைச் சுவரை ஒட்டி வைத்த முதல் வருடத்திலேயே ஒரு தகரக் கேப்பு டப்பாவின் சீட்டில் பூசணம் பூத்தது.

வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வை உப்பு மறுநாளே ரேகையாகத் துருப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் பிசின் ஆகிவிடும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மெழுகு, ரினைசான்ஸ் வாக்ஸ் என்று கிடைக்கும், மெல்லிதாக ஒரு பூச்சு போதும். தயவுசெய்து குத்துவிளக்கை விளக்குவது மாதிரி பித்தளைப் பாகத்தைப் புளி போட்டு விளக்கிவிடாதீர்கள். மாமியார் அன்போடு அப்படிச் செய்துவிட்ட ஒரு குடுவை என்னிடம் இருக்கிறது. தகதகவென்று மின்னுகிறது. நூற்றைம்பது ஆண்டு நிறம் ஒரு வெள்ளிக்கிழமையில் போனது. மாமியாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

விலை எவ்வளவு?

சாதாரண பாக்ஸ்லாக் பிரிட்டிஷ் ஏலங்களில் சில நூறு பவுண்டுக்குப் போகும். பெட்டியும் உபகரணங்களும் சேர்ந்த நல்ல ஜோடி ஆயிரங்களில். ஏல நிறுவனத்தின் கமிஷன் தனி. இங்கே இறக்குமதி செய்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. கேப்பு டப்பா, சீட்டு, விலைப்பட்டியல் எல்லாம் இதைவிட மிக மலிவு. இளைஞர்களுக்கு நான் சொல்வது அதிலிருந்து தொடங்கச் சொல்லித்தான். டப்பா காலியாக இருக்க வேண்டும். உள்ளே கேப்பு இருந்தால் அது வெடிபொருள், அஞ்சலில் வரவழைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

ஊருக்குப் போகிறவர்கள் சென்னையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் படைக்கலப் பகுதியையும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் தவறவிடாதீர்கள். தி. நகர் கடைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும். இங்கிலாந்து போனால் லீட்ஸில் ராயல் ஆர்மரிஸ். நுழைவு இலவசம், ஒரு நாள் பத்தாது. அவர்களின் சேகரிப்பை இணையத்திலும் படத்தோடு பார்க்கலாம். என் ஆறு நோட்டில் இரண்டு அங்கிருந்து நிரம்பியவை.

வெளிநாட்டில் உறவினர் வீட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தால் என்ன செய்வது?

முதலில், உள்ளே மருந்து இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கெட்டித்து வைத்ததைச் சுடாமல் மாட்டிவிட்டுப் போன தாத்தாக்கள் நிறைய. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு ஆண்டு கழித்தும் பற்றும். குழல் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். ஒரு மரக்குச்சியை அடிவரை மெதுவாக விட்டு, வாயருகே பென்சிலால் குறியிடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, குறி வாயோடு நேராக வரும்படிக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். முனை நிப்பிள் பக்கம் வரை எட்ட வேண்டும். விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அப்படியே கீழே வைத்துவிட்டு, தெரிந்த துப்பாக்கிப் பட்டறைக்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நீங்களே தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள்.

குச்சி முழுசாகப் போனாலும் குதிரையை இழுத்து 'டக்' என்று விட வேண்டாம். கேப்பு இல்லாத நிப்பிளின் மேல் இரும்பு விழுந்தால் நிப்பிளும் நசுங்கும், குதிரையின் கழுத்தும் ஒடியும். மச்சானின் மூன்றில் ஒன்று இப்போது அப்படித்தான், ஒடிந்த குதிரையோடு, இருக்கிறது. அதை யார் செய்தது என்று அவர் இன்னும் என்னிடம் கேட்கவில்லை.